பாம்பைக் கண்டு பயப்படுவது யார்? ‘கிம்’ நாவல் வழியாக ஓரியண்டலிசம்

ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘கிம்’ நாவலில் ஒரு சின்ன இடம் வரும். அம்பாலா பக்கம் ஓர் ஓடைக்கரை. லாகூர்த் தெருக்களில் வளர்ந்த கிம் என்ற வெள்ளைக்காரச் சிறுவனும் திபெத்திலிருந்து வந்த வயதான லாமா ஒருவரும் நடந்து போகிறார்கள். எதிரே பெரிய நல்லபாம்பு தலையைத் தூக்கி நிற்கிறது. எனக்குப் பாம்பு என்றாலே ஆகாது என்கிறான் கிம். லாமாவுக்குப் பதற்றமே இல்லை. இதுவும் நம்மைப் போலப் பிறவிச் சக்கரத்தில் சுழலும் உயிர்தானே, அதன் ஆயுளை அது வாழட்டும் என்று சொல்லிவிட்டு, அந்தத் தலைக்கு ஓரடி தூரத்தில் நடந்து போகிறார். அழகான காட்சி. ஆனால் நடுவில் கதைசொல்லி ஒரு வரியைச் செருகிவிடுகிறார்: இந்த நாட்டு வழக்கத்தில் எவ்வளவு ஊறி வளர்ந்தாலும், வெள்ளைக்காரனுக்குப் பாம்பின் மேல் உள்ள நடுக்கம் மட்டும் போகாதாம்.

கல்லூரி நாட்களில் முதல் தடவை படித்தபோது இந்த வரியைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். பல வருடம் கழித்து மறுபடி படித்தபோதுதான் அது கண்ணில் உறுத்தியது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் சாரை புகுந்துவிட்டால் போதும், அரை மணி நேரத்துக்குத் தெருவே அங்கேதான் நிற்கும், ஆளுக்கொரு கம்போடு, ஆனால் ஒருவரும் கிட்டப் போகாமல். இந்தப் பயத்துக்கு நிறம் ஏது? கிப்ளிங்குக்கோ, கிம்மின் உடம்பில் ஓடுவது வெள்ளை ரத்தம் என்பதற்கு அது சாட்சியாகிவிடுகிறது.

அந்த வரியில் வசவு எதுவும் இல்லை. உலகில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு, இந்த வகைக்கு இன்ன குணம், அந்த வகைக்கு இன்ன குணம், எல்லாம் ரத்தத்தோடு வந்தது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. படிக்கிறவரும் கூடவே நகர்ந்துவிடுகிறார். ஓரியண்டலிசம் பெரும்பாலும் இப்படித்தான் வரும், சத்தமே இல்லாமல்.

இந்தச் சொல்லை இன்று நாம் புழங்கும் பொருளில் நிலைக்கச் செய்தவர் எட்வர்ட் சயீத். 1935-இல் ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனர், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய ‘ஓரியண்டலிசம்’ 1978-இல் வெளிவந்தது. தமிழில் கீழைத்தேயவாதம் என்றும் எழுதுகிறார்கள். அவர் சொன்னதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஐரோப்பா கிழக்கைப் பற்றிப் பல நூற்றாண்டுகள் எழுதிக் குவித்தது. பயணக் குறிப்பு, அகராதி, அரசாங்க அறிக்கை, கவிதை, நாவல் என்று எல்லாம் அதில் அடக்கம். இவை ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்லி, ‘கீழைநாட்டான்’ என்று ஓர் ஆளையே உண்டாக்கிவிட்டன. அவன் சோம்பேறி. பொய் பேசுவான். நேரம் காலம் தெரியாது. ஆன்மிகம் உண்டு, காரியம் தெரியாது. தன்னைத் தானே ஆளத் தெரியாது. எகிப்தில் இருந்தாலும் வங்காளத்தில் இருந்தாலும் அதே ஆள்தான். இவனை இப்படி ஒரு பக்கம் நிறுத்தியதும், எதிர்ப்பக்கம் ஐரோப்பியன் தானாகவே அறிவாளியாகவும் வாக்குத் தவறாதவனாகவும் ஆளப் பிறந்தவனாகவும் நிமிர்ந்துவிடுகிறான்.

சயீத் காட்டும் ஓர் உதாரணம் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் 1850-இல் எகிப்தில் குச்சுக் ஹானெம் என்ற நடனக்காரப் பெண்ணைச் சந்தித்தார். கீழைநாட்டுப் பெண் என்றால் இப்படித்தான் என்று அவர் தீட்டிய படத்துக்கு அந்தச் சந்திப்புதான் அடிப்படை. அதில் அந்தப் பெண் தன்னைப் பற்றித் தானே பேசுவதில்லை. அவள் என்ன நினைத்தாள், எதற்கு வருத்தப்பட்டாள் என்று நமக்குத் தெரிய வழியில்லை. காசு வைத்திருந்த அயல்நாட்டு ஆண் அவளுக்கும் சேர்த்துப் பேசிவிட்டார்.

இதைச் சொன்னதும் நம்மவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். எல்லிஸும் கால்டுவெல்லும் போப்பும் தமிழுக்குச் செய்ததை மறந்துவிடுவதா? நியாயமான கேள்வி. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் எழுதிக் காட்டியவர் எல்லிஸ். குறளை மொழிபெயர்த்து விளக்கம் எழுத முனைந்தவர். அந்தக் காலத்தில் ஓரியண்டலிஸ்ட் என்றால் கீழை மொழிகள் கற்ற அறிஞர் என்றுதான் பொருள், மரியாதையான பட்டம் அது. ஆனால் எல்லிஸ் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் சென்னையின் கலெக்டர். 1812-இல் அவர் முன்னின்று அமைத்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி கம்பெனி அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுத்தது. வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் அந்த மொழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. தமிழ் மேல் அவருக்கு இருந்த ஆசையும் நிஜம், நாற்காலியும் நிஜம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்காமல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது. அதற்கு ‘கிம்’மைப் போல ஒரு நாவல் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் அதில் ஆசை கொட்டிக் கிடக்கிறது.

கிப்ளிங் 1865-இல் பம்பாயில் பிறந்தவர். ஆயாவிடம் கதை கேட்டு, இந்துஸ்தானியில் யோசித்து, அதை மனசுக்குள் மாற்றித் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசிய குழந்தை. ஐந்து வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1882-இல், பதினாறு வயதில், லாகூருக்குத் திரும்பிவந்து பத்திரிகை வேலையில் சேர்ந்தார். அப்பா லாகூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். 1889-இல் இந்தியாவை விட்டுக் கிளம்பியவர், ‘கிம்’மை முடித்தது இங்கிலாந்தில். புத்தகம் வந்தது 1901-இல். விட்டுப் போன ஊரை நினைத்து நினைத்து எழுதிய ஏக்கம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். வட இந்தியாவின் பழைய பெருவழியான கிராண்ட் டிரங்க் ரோட்டில் போகும் ஜனங்களை அவர் விவரிக்கும் இடத்தைப் படித்தால் புழுதியும் அடுப்புப் புகையும் மூக்கில் ஏறும். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவரை வெறும் இனவெறியர் என்று முத்திரை குத்துவது எளிது, ஆனால் அப்படிச் செய்தால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் போய்விடுவோம்.

சரி, நாவல் எப்படித் தொடங்குகிறது? லாகூர் அருங்காட்சியகத்தின் எதிரே ஜம்ஜமா என்ற பழைய பீரங்கி. ஏறக் கூடாது என்று நகராட்சி உத்தரவு இருந்தும் கிம் அதன் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஜம்ஜமாவைப் பிடித்தவன் பஞ்சாபைப் பிடித்தவன் என்பது அந்த ஊர்ப் பேச்சு. லாலா தீனாநாத்தின் மகனைக் கிம் அப்போதுதான் அங்கிருந்து உதைத்துத் தள்ளியிருக்கிறான். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு என்கிறார் கதைசொல்லி: பஞ்சாப் இங்கிலீஷ்காரர்கள் கையில், கிம்மும் இங்கிலீஷ்காரன். அப்துல்லா ஏற வருகிறான். முசல்மான்கள் எல்லாம் எப்போதோ இதிலிருந்து விழுந்தாயிற்று என்று கிண்டல் செய்கிறான் கிம். ஜரிகைத் தொப்பி போட்ட சோட்டா லால் வருகிறான். இந்துக்களும் விழுந்தாயிற்று, முசல்மான்கள்தான் தள்ளிவிட்டார்கள் என்கிறான்.

மூன்று பையன்களின் விளையாட்டில் நாட்டின் சரித்திரத்தையே அடக்கிவிட்டார் மனிதர். எழுத்துத் திறமை என்றால் இதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உற்றுப் பாருங்கள். நாட்டைப் பிடித்தது பையன்கள் பீரங்கியில் ஏறி இறங்குவதைப் போல இயல்பான காரியமாகிவிட்டது. இந்துக்களைத் தள்ளிவிட்டது முசல்மான்கள் என்று வந்துவிட்டதால், இங்கிலீஷ்காரன் யாரைத் தள்ளினான் என்ற கேள்வி எழவே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. கிம்மின் அப்பா ஐரிஷ் பட்டாளத்துக்காரர். அயர்லாந்தே இங்கிலாந்திடம் பிடிபட்ட நாடு. லாகூர் வெயிலில் வந்து நின்றதும் அந்த ஐரிஷ் பையன் வெள்ளைக்காரனாகி, ஆளும் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறான்.

அடுத்த காட்சி அருங்காட்சியகத்துக்குள். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சயீத் சொன்னது அத்தனையும் ஒரே அறைக்குள் நடக்கிறது. லாமா உள்ளே வருகிறார். காந்தாரச் சிற்பங்களில் புத்தரைக் கண்டு உருகிப் போகிறார். வெண்தாடி வைத்த ஆங்கிலேயப் பொறுப்பாளர் அவரை மரியாதையோடு உட்கார வைக்கிறார். ஒரு புகைப்படப் புத்தகத்தைத் திறக்கிறார், அதில் லாமாவின் சொந்த மடத்தின் வாசல் இருக்கிறது. அப்புறம் பெரிய வரைபடம். புத்தர் பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம் எல்லாம் அதில் குறித்திருக்கின்றன. ஐரோப்பிய அறிஞர்கள் சீனப் பயணிகளின் குறிப்புகளையும் மற்ற ஆவணங்களையும் வைத்துப் புனிதத் தலங்களை அடையாளம் கண்டதை லாமா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறார். ஒரு மடத்தின் தலைவர், ஆயுள் முழுக்கப் பௌத்தம் பயின்றவர், தன் மதத்தின் ஊர்கள் எங்கே இருக்கின்றன என்பதை லாகூரில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மேஜையில் தெரிந்துகொள்கிறார். கிளம்பும்போது பொறுப்பாளர் தன் மூக்குக் கண்ணாடியையே கழற்றிக் கொடுக்கிறார். லாமாவின் பழைய கண்ணாடி கீறல் விழுந்தது. இனி அவர் உலகத்தைப் பார்ப்பது வெள்ளைக்காரர் கொடுத்த கண்ணாடி வழியாக.

அந்த இருவருக்குள் இருந்த அன்பு பொய்யில்லை. லாமாவும் பதிலுக்குத் தன் பேனாக் கூட்டைக் கொடுக்கிறார். புத்தர் எய்த அம்பு விழுந்து பிறந்த நதி எங்கே, அதைத்தான் தேடுகிறேன் என்று லாமா கேட்கும்போது, எனக்குத் தெரியாது சகோதரரே என்று பொறுப்பாளர் வருத்தத்தோடு சொல்கிறார். வரைபடத்தில் இல்லாத ஒன்றைத்தான் லாமா தேடி வந்திருக்கிறார் என்பது கிப்ளிங்குக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இந்த நாவலை என்னால் வெறுக்க முடியவில்லை.

இனி அந்தப் பொது வாக்கியங்கள். பென்சில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து அகப்படும். கிம் கீழைநாட்டானைப் போலப் பொய் சொல்வான் என்று ஓரிடம். இந்த நாட்டான் படுத்துவிடும் இடத்தில் கிம்மை வெள்ளை ரத்தம் எழுப்பி நிறுத்தியது என்று ஓரிடம். விடியாத இருட்டில் லாகூர் ரயில் நிலையத்தில் ஜனங்கள் கூட்டமாகத் தூங்குகிறார்கள். கீழைநாட்டாருக்கு இருபத்துநான்கு மணி நேரமும் ஒன்றுதான், ரயிலும் அதற்கேற்ப விடப்படுகிறது என்கிறார் கதைசொல்லி. ரயில் எத்தனை மணிக்கு என்று முடிவு செய்தது ரயில்வே. அந்த நேரத்து வண்டிக்கு வந்தவர்கள் அங்கேதான் படுத்திருப்பார்கள், வேறு என்ன செய்வார்கள்? நேர அட்டவணையில் இருந்த காரணத்தை எடுத்து ஜனங்களின் பிறவிக் குணத்தில் வைத்துவிட்டார். ஓரியண்டலிச வாக்கியத்தை அடையாளம் காண எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரு காரணம் இப்படி இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது.

பொய் விஷயத்தையும் அப்படியே பாருங்கள். நாவலில் ஓயாமல் பொய் சொல்வது ஆங்கில அரசின் உளவுத்துறை. குதிரை வியாபாரி வேஷம், வைத்தியர் வேஷம், ரகசியச் செய்தி என்று முழுக் கதையும் ஏமாற்றுவித்தையில் ஓடுகிறது. அதற்குப் ‘பெரிய விளையாட்டு’ என்று கௌரவமான பெயர். பொய் சொல்லும் பழி மட்டும் கீழைநாட்டாருக்கு.

வேஷத்திலும் ஒரு சட்டம் இருக்கிறது. கிம் இந்துப் பையனாகவும் முசல்மான் பையனாகவும் நொடியில் மாறுவான், ஒருவருக்கும் சந்தேகம் வராது. மற்ற உளவாளிகளும் சாதுவாக, ஹக்கீமாக மாறுகிறார்கள். ஆனால் ஓர் இந்தியன்கூட வெள்ளைக்காரச் சாஹிபாக மாறுவதில்லை. மேலே இருப்பவன் கீழே இறங்கி வந்து எல்லாருமாகவும் ஆகலாம், கீழே இருப்பவன் மேலே ஏற முயன்றால் அது சிரிப்புக்கு இடமாகிவிடும்.

அப்படிச் சிரிக்க வைக்கப்பட்டவர் ஹரி பாபு. ஹரி சந்தர் முகர்ஜி, கல்கத்தாப் பல்கலைக்கழக எம்.ஏ., ஆங்கிலத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரை மேற்கோள் காட்டுபவர், பருத்த உடம்பு, நான் பயந்தாங்கொள்ளி என்று தானே சொல்லிக்கொள்பவர். அவருடைய ஆங்கிலத்தைக் கிப்ளிங் வேண்டுமென்றே வளைத்து எழுதியிருக்கிறார். லண்டன் ராயல் சொசைட்டி என்ற பெருமை வாய்ந்த அறிவியல் கழகத்தில் உறுப்பினராக வேண்டும் என்பது அவர் கனவு. வாசகர் சிரிக்க வேண்டும் என்றே வைத்த ஆசை இது. அவருடைய மேலதிகாரி கர்னல் கிரைட்டனுக்கும் அதே கனவு உண்டு. கர்னலிடம் அது ஒரு கௌரவமான பலவீனம், பாபுவிடம் வேடிக்கை.

ஆனாலும் இந்த நாவலில் ஆயுதம் இல்லாமல் இமயமலையில் ரஷ்ய, பிரெஞ்சு ஒற்றர்களோடு தனியாக நடந்து போய்க் காரியத்தை முடிப்பவர் அதே பாபுதான். அந்த இடத்தில் ரஷ்யன் பாபுவைப் பார்த்து, கிழக்கும் மேற்கும் கலந்த விகாரம் இது, கீழைநாட்டாரைக் கையாள நமக்குத்தான் தெரியும் என்கிறான். அவனை அந்த நிமிடமே பாபு ஏமாற்றிக்கொண்டிருக்கிறார். ஓரியண்டலிசத்தின் தாரக மந்திரத்தை எதிரியின் வாயில் வைத்து அவனை முட்டாளாக்கிக் காட்டுகிறது நாவல். கிப்ளிங்கின் கைக்குத் தெரிந்திருந்த ஓர் உண்மை அவருடைய கொள்கைக்குத் தெரியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ‘கிம்’ பெரிய இலக்கியம், ஒதுக்கித் தள்ளக் கூடாதது என்று சயீதும் சொன்னார். 1987-இல் பெங்குவின் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரே அவர்தான். ஆங்கிலத்தில் இந்தியாவைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் மிகச் சிறந்தது இது என்று வங்காள எழுத்தாளர் நீரத் சௌத்ரி எழுதியிருக்கிறார்.

கர்னல் கிரைட்டனின் பதவியைக் கவனியுங்கள். வெளியே பார்த்தால் இனவியல் ஆய்வுத் துறையின் அதிகாரி, ஜாதிகளையும் வழிபாடுகளையும் பற்றிக் கட்டுரை எழுதுபவர். உள்ளே உளவுத்துறைத் தலைவர். அறிவும் அதிகாரமும் கூட்டாளிகள் என்று சயீத் ஒரு புத்தகம் முழுக்க வாதாடியதைக் கிப்ளிங் ஒரே பாத்திரத்தில், கொஞ்சமும் கூச்சமில்லாமல், பெருமையாகவே எழுதி வைத்திருக்கிறார். இது கற்பனை மட்டும் இல்லை. 1802-இல் நம் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண நில அளவைப் பணி, பிற்பாடு இமயத்துக்கு அப்பால் வெள்ளைக்காரர் நுழைய முடியாத திபெத்துக்கு இந்தியர்களை அனுப்பியது. நைன் சிங் என்ற குமாவுன் பள்ளி ஆசிரியர் யாத்திரிகர் வேஷத்தில் லாசா வரை நடந்தார். 108 மணி ஜபமாலைக்குப் பதில் 100 மணி மாலை, நடக்கும் காலடிகளை எண்ணுவதற்கு. ஜபச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் அளவைக் குறிப்பு. கிம்முக்குப் பாபு கற்றுத்தரும் வித்தையும் இதே அடி எண்ணும் வித்தைதான்.

நாவலில் என்னை அதிகம் சங்கடப்படுத்திய இடம் வழியில் வரும் கிழட்டுச் சிப்பாய். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் கம்பெனிக்கு விசுவாசமாக நின்றவர், வாளும் பதக்கங்களுமாக வருகிறார். அந்தக் கிளர்ச்சியைப் பற்றி லாமாவிடம் சொல்கிறார்: பட்டாளத்துக்கு ஒரு பைத்தியம் பிடித்தது, அதிகாரிகளுக்கு எதிராகத் திரும்பினார்கள், சாஹிபுகளின் மனைவி மக்களைக் கொன்றார்கள், கடல் தாண்டி வந்த சாஹிபுகள் கணக்குத் தீர்த்தார்கள். அவ்வளவுதான். முந்தின வருடம் அவத் ராஜ்ஜியத்தைக் கம்பெனி விழுங்கியது இல்லை. தோட்டாக் கொழுப்பு இல்லை. ஊர் ஊராகப் பழி தீர்த்ததில் செத்த ஜனங்கள் இல்லை. அரசியல் இருந்த இடத்தில் பைத்தியம் வந்துவிட்டது. இதை ஒரு வெள்ளை அதிகாரி சொல்லியிருந்தால் வாசகர் கொஞ்சம் யோசித்திருப்பார். சொல்வது இந்தியக் கிழவர். ஆளப்படுபவர் வாயாலேயே ஆட்சிக்குச் சான்றிதழ் வாங்கியாயிற்று. காங்கிரஸ் தொடங்கி 16 வருடம் கழித்து வெளிவந்த நாவலில், இந்த ஆட்சி வேண்டாம் என்று சொல்லும் மரியாதையான இந்தியக் குரல் ஒன்றுகூட இல்லை. நாட்டின் இத்தனை மொழிகளையும் சந்தைச் சத்தங்களையும் காதில் வாங்கியவருக்கு அந்த ஒரு சத்தம் மட்டும் கேட்கவில்லை.

கடைசி அத்தியாயம். லாமாவுக்கு அவர் தேடிய நதி கிடைத்துவிட்டது, அவர் மனசுக்காவது. கிம் அசந்து தூங்குகிறான். குதிரை வியாபாரியும் உளவாளியுமான மஹ்பூப் அலி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையனை அரசாங்கம் எழுத்தர் வேலைக்கு அவசரமாகக் கூப்பிடுகிறது என்கிறார். கிம்மை லக்னோவில் சாஹிபுகள் பள்ளியில் படிக்க வைத்தது லாமாவின் பணம். வருடத்துக்கு 300 ரூபாய், தவறாமல் அனுப்பினார். அங்கேதான் அவனுக்கு நில அளவை சொல்லிக்கொடுத்து உளவுக்குத் தயார் செய்தார்கள். லாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. அதற்காகத்தானே அவனைப் படிக்க வைத்தது, அவனுக்காகக் கொடுத்த தானத்தில் எனக்கும் புண்ணியம், நல்ல காரியம் சாகாது என்று மஹ்பூபிடம் சந்தோஷமாகச் சொல்கிறார்.